வயிற்றில் வரும் லிம்போமா: மாத்திரையில் தொடங்கும் சிகிச்சை
சுங்கை பூலோ வட்டார மூத்த குடிமக்களுக்கும் குடும்பத்தாருக்கும்

நெஞ்சுக்குழியில் எரிச்சல். சாப்பிட்டதும் வயிறு உப்புசம். புளித்த ஏப்பம். இவை வந்தால் நாம் சொல்வது ஒரே சொல்தான்: கேஸ்ட்ரிக். மருந்துக்கடையில் வெள்ளை மருந்து வாங்கிக் குடிப்போம். வீட்டில் ஓமத் தண்ணீர் காய்ச்சுவோம். இரண்டு நாள் அடங்கும். பிறகு மறுபடியும் வரும்.

பெரும்பாலும் இது சாதாரணத் தொல்லைதான். ஆனால் மிகச் சிலருக்கு, மாதக்கணக்கில் விடாத வயிற்றுத் தொல்லைக்குப் பின்னால் மால்ட் லிம்போமா என்ற அரிய வகைப் புற்றுநோய் இருக்கலாம்.

புற்றுநோய் என்றதும் பலருடைய மனம் கீமோவையும் முடி கொட்டுவதையும் நினைத்துக் கலங்கிவிடும். "இந்த வயதில் எனக்கு எதற்கு இதெல்லாம்?" என்று சிலர் மருத்துவமனைக்குப் போவதையே நிறுத்திவிடுகிறார்கள். ஆகவே முதலிலேயே ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். வயிற்றில் வரும் இந்த லிம்போமாவுக்குப் பெரும்பாலும் முதல் சிகிச்சை கீமோ அல்ல. 14 நாள் மாத்திரை. தொடக்க நிலையில் கண்டுபிடித்து, மாத்திரையை முழுமையாகச் சாப்பிட்டு, சொன்ன நாளில் மறுசோதனைக்கு வந்தால், பலருக்கு அதுவே போதுமானதாகிறது.

லிம்போமா என்றால் என்ன?

காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நெறிதான் நிணநீர் முடிச்சு. அதற்குள் இருக்கும் ஒரு வகை வெள்ளை அணுக்கள் கிருமிகளோடு போராடுகின்றன. புண் ஆறியதும் நெறியும் வற்றிவிடும்.

இந்த வெள்ளை அணுக்களில் ஒன்று கட்டுப்பாட்டை இழந்து, தேவையில்லாமல் பெருகிக்கொண்டே போவதுதான் லிம்போமா. இது ஒரே நோய் அல்ல. இதில் பல வகைகள் உள்ளன. சில வேகமாக வளர்பவை; உடனே கீமோ தேவைப்படும். சில மெதுவாக, ஆண்டுக்கணக்கில் வளர்பவை. அதனால் "லிம்போமா" என்று மருத்துவர் சொன்னதும், "எந்த வகை?" என்பதே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. அண்டை வீட்டுக்காரருக்கு வந்த லிம்போமாவும் உங்களுக்கு வந்ததும் வேறு வேறாக இருக்கலாம், சிகிச்சையும் வேறாகலாம்.

மால்ட் லிம்போமா மெதுவாக வளரும் வகையைச் சேர்ந்தது. லிம்போமா வந்தவர்களில் பத்தில் ஒருவருக்கும் குறைவானவர்களிடமே இது காணப்படுகிறது. கண், உமிழ்நீர்ச் சுரப்பி, நுரையீரல் போன்ற இடங்களிலும் வரலாம். ஆனால் அதிகமாக வருவது இரைப்பையில்தான்.

இரைப்பையில் இது எப்படி வருகிறது?

இரைப்பையில் தங்கக்கூடிய ஒரு கிருமியின் பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி. சுருக்கமாகப் பைலோரி கிருமி என்போம். ஆஸ்திரேலிய மருத்துவர்களான ராபின் வாரனும் பேரி மார்ஷலும் 1982இல் இதைக் கண்டுபிடித்தார்கள். இரைப்பைப் புண்ணுக்கு இந்தக் கிருமி காரணம் என்று காட்டியதற்காக 2005இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கிருமி பெரும்பாலும் சிறு வயதிலேயே, ஒரே வீட்டில் பலர் நெருங்கி வாழும்போது, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுகிறது. நமக்குத் தெரியாமலே பல ஆண்டுகள் வயிற்றில் இருக்கும். மலேசியாவில் நடந்த ஆய்வுகளின்படி, மலாய்க்காரர்களைவிட இந்தியர்களிடமும் சீனர்களிடமும் இது அதிகம் காணப்படுகிறது. ஆகவே நம் வீடுகளில் "கேஸ்ட்ரிக்" என்று சொல்லும்போது இந்தக் கிருமியையும் நினைவில் வைக்க வேண்டும்.

பயப்படத் தேவையில்லை. கிருமி உள்ள பெரும்பாலோருக்கு லிம்போமா வருவதே இல்லை. சிலருக்கு மட்டும் நடப்பது இதுதான்: கிருமியை எதிர்க்க வெள்ளை அணுக்கள் இரைப்பைச் சுவரில் வந்து கூடுகின்றன. கிருமி போகாததால் அவையும் போவதில்லை. பல ஆண்டுகள் இப்படியே தூண்டப்பட்டு, கடைசியில் சில அணுக்கள் கட்டுமீறிப் பெருகத் தொடங்குகின்றன. ஆனால் தொடக்க நிலையில் அவை வளர்வதற்கு அந்தக் கிருமியின் தூண்டுதல் தேவை. கிருமியை அழித்தால் தூண்டுதல் நிற்கிறது. கட்டி மெல்ல வற்றுகிறது. 1993இல் லண்டன் மருத்துவர்கள் சில நோயாளிகளிடம் இதைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். அதற்கு முன் இந்த நோய்க்காகப் பலருடைய இரைப்பையையே அறுத்து எடுத்தார்கள். இன்று அந்த அறுவை சிகிச்சை மிக அரிது.

காரம் சாப்பிட்டதாலோ, நேரம் தவறிச் சாப்பிட்டதாலோ இந்த நோய் வருவதில்லை. இது யாருடைய தவறும் அல்ல. லிம்போமா ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. நோயாளி தொட்ட பாத்திரத்தை ஒதுக்கிவைக்க வேண்டாம். பேரப்பிள்ளைகளைத் தள்ளிவைக்கவும் வேண்டாம்.

எப்போது கிளினிக்குக்குப் போக வேண்டும்?

கீழ்க்கண்டவற்றில் ஏதேனும் இருந்தால் கடை மருந்தோடு நிறுத்திவிடாமல் அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள்:

• மேல்வயிற்று வலியோ எரிச்சலோ சில வாரங்களாகத் தொடர்வது, அல்லது மருந்தை நிறுத்தியதும் திரும்பி வருவது
• கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிரம்பிவிடுவது
• முயற்சி செய்யாமலே எடை குறைவது, கைலியும் சட்டையும் தொளதொளப்பது
• இரத்தச் சோகை, படியேறினால் மூச்சு வாங்குவது, தொடர்ந்த களைப்பு
• அடிக்கடி வாந்தி, அல்லது விழுங்கச் சிரமம்

இரத்த வாந்தி, காப்பித்தூள் போன்ற வாந்தி, தார் போல் கறுத்து ஒட்டும் மலம், அதோடு தலைசுற்றல் ஆகியவை அவசர நிலை. காத்திருக்க வேண்டாம். 999க்கு அழையுங்கள். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும். அப்படி ஒரு மாத்திரை சாப்பிடுவதாக இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மூட்டுவலிக்காகச் சாப்பிடும் சில மாத்திரைகளும் இரைப்பையைப் புண்ணாக்கும். எந்த மாத்திரை, எத்தனை நாளாக என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

இந்த நோயை வயிற்றைத் தொட்டுப் பார்த்தோ இரத்தச் சோதனையை மட்டும் வைத்தோ உறுதி செய்ய முடியாது. ஸ்கோப் சோதனை தேவை. நுனியில் கேமரா உள்ள மெல்லிய குழாயை வாய்வழியாக இரைப்பைக்குள் செலுத்திப் பார்ப்பார்கள். தொண்டை மரத்துப்போக மருந்து தெளிப்பார்கள். தேவைப்பட்டால் தூக்கம் வரும் ஊசியும் போடுவார்கள். சோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஊசி போட்டுக்கொண்டால் அன்று வண்டி ஓட்டக்கூடாது. துணைக்கு ஒருவரை அழைத்து வாருங்கள்.

முந்தைய இரவிலிருந்தோ அவர்கள் சொன்ன நேரத்திலிருந்தோ வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும். இனிப்புநீர் உள்ளவர்கள், "காலை மாத்திரையோ இன்சுலினோ எடுக்கலாமா?" என்று முன்கூட்டியே கேளுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்கள் அதைத் தாங்களாகவே நிறுத்தக்கூடாது.

ஸ்கோப் செய்யும்போது இரைப்பையின் பல இடங்களிலிருந்து கடுகளவு சதையை எடுப்பார்கள். அதை ஆய்வுக்கூடத்தில் பார்த்தபின்தான் இது சாதாரணப் புண்ணா, மெதுவாக வளரும் மால்ட் லிம்போமாவா, வேகமாக வளரும் வேறு வகையா என்பது தெரியும். இதற்குச் சில நாட்களோ வாரங்களோ ஆகலாம். முதல் தடவை தெளிவாகத் தெரியாவிட்டால் மறுபடியும் ஸ்கோப் செய்யச் சொல்வார்கள். சோதனையில் ஏதோ குறை என்று எண்ண வேண்டாம். வகையைச் சரியாக அறிந்துகொள்ளவே அப்படிச் செய்கிறார்கள்.

லிம்போமா உறுதியானால், அது இரைப்பையோடு நிற்கிறதா, வேறு இடத்துக்கும் பரவியிருக்கிறதா என்று பார்க்க இரத்தச் சோதனை, சி.டி. ஸ்கேன், சிலருக்கு எலும்பு மஜ்ஜைச் சோதனை ஆகியவை செய்யப்படும்.

பைலோரி கிருமி இருக்கிறதா என்பதை ஸ்கோப்பில் எடுத்த சதையிலிருந்தோ, மூச்சை ஊதும் சோதனையிலோ, மலச் சோதனையிலோ அறியலாம். ஒன்றைக் கவனியுங்கள்: ஒமெப்ரஸோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால், கிருமி இருந்தும் "இல்லை" என்று முடிவு வரலாம். ஆகவே சோதனைக்கு 2 வாரம் முன்பு அதையும், 4 வாரம் முன்பு ஆன்டிபயாடிக் மருந்துகளையும் நிறுத்தச் சொல்வது வழக்கம். மருத்துவர் சொல்லும்படி செய்யுங்கள்.

முதல் சிகிச்சை: கிருமியை அழிப்பது

பொதுவாக அமிலம் குறைக்கும் மாத்திரை ஒன்றும், இரண்டு அல்லது மூன்று கிருமிக்கொல்லி மருந்துகளும் சேர்த்து, பெரும்பாலும் 14 நாட்களுக்குக் கொடுப்பார்கள். ஒரு நாளைக்குப் பல மாத்திரைகள் சாப்பிட வேண்டியிருக்கும். வாயில் கசப்பு, வயிற்றுப்போக்கு, குமட்டல் வரலாம். நான்கைந்து நாளில் வயிறு லேசாகிவிட்டால், "எனக்குச் சரியாகிவிட்டது" என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். தவறு நடப்பது இங்கேதான்.

அரைகுறையாக மருந்து சாப்பிட்டால் பலவீனமான கிருமிகள் சாகும். வலுவானவை பிழைத்து, மருந்துக்கு அசையாதவையாகப் பெருகும். இந்தப் பாடம் சுங்கை பூலோவுக்குப் புதிதல்ல. 1930இல் இங்கே தொடங்கப்பட்ட தொழுநோய்க் குடியிருப்பு உலகின் பெரிய குடியிருப்புகளில் ஒன்றாக இருந்தது. டாப்சோன் என்ற மாத்திரை வந்ததும் நோய் குணமாகத் தொடங்கியது. ஆனால் அந்த ஒரே மருந்தை நம்பியிருந்தபோது அதற்கு அசையாத கிருமிகள் தோன்றின. இது ஆய்வின் வழி முதன்முதலில் உறுதியானது சுங்கை பூலோ நோயாளிகளிடம்தான், 1964இல். பிறகு 1981இல், பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறையை உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. அதன்பின் தொழுநோய் முழுமையாகக் குணமாகும் நோயாகிவிட்டது.

பைலோரி வேறு கிருமி. ஆனால் காரணம் ஒன்றே. பல மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுப்பதும், கடைசி மாத்திரைவரை சாப்பிடச் சொல்வதும் கிருமி தப்பிக்க வழி வைக்காமல் இருப்பதற்குத்தான்.

மாத்திரை தொடங்கும் முன் இவற்றைக் கட்டாயம் சொல்லுங்கள்:

• பென்சிலின் ஊசியோ மாத்திரையோ உங்களுக்கு எப்போதாவது ஒவ்வாமல் போயிருந்தால்
• கொழுப்புக்காகச் சிம்வாஸ்டாடின் சாப்பிட்டால். கிளாரித்ரோமைசின் என்ற கிருமிக்கொல்லியோடு அதைச் சேர்த்துச் சாப்பிடக்கூடாது
• இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், அல்லது இதய நோய், இனிப்புநீர் மாத்திரைகள் சாப்பிட்டால்
• நாட்டு மருந்து, சீன மருந்து, ஜாமு எதுவாக இருந்தாலும்

வீட்டில் உள்ள எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டு அப்படியே கொண்டு வந்து காட்டுவது எளிது. மெட்ரோனிடசோல் கொடுத்திருந்தால், அதைச் சாப்பிடும் நாட்களிலும் முடித்தபின் மருத்துவர் சொல்லும்வரையிலும் மது அருந்தக்கூடாது. உடம்பில் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல் வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

மாத்திரை முடிந்தால் சிகிச்சை முடிந்ததா?

இல்லை. வயிறு லேசாக இருப்பது கிருமி போய்விட்டதற்குச் சான்று அல்ல. மாத்திரை முடிந்து குறைந்தது 4 வாரம் கழித்து மூச்சுச் சோதனையோ மலச் சோதனையோ செய்து பார்க்க வேண்டும். கிருமி இன்னும் இருந்தால் வேறு மருந்துகளோடு இரண்டாம் சுற்று கொடுப்பார்கள்.

கிருமி போனபிறகும் கட்டி உடனே மறையாது. சிலருக்குச் சில மாதங்களில் வற்றும்; சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும். அதனால்தான் குறிப்பிட்ட இடைவெளியில் மறுபடியும் ஸ்கோப் செய்யச் சொல்கிறார்கள். தொடக்க நிலையில், கிருமியும் உள்ள நோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்குக் கிருமியை அழித்ததிலேயே லிம்போமா மறைந்துவிடுகிறது.

மறைந்தபிறகும் கண்காணிப்பு தொடரும். அரிதாக இது திரும்பி வரலாம். இவர்களுக்கு இரைப்பையில் வேறு வகைப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் மற்றவர்களைவிடச் சற்று அதிகம். அடுத்த சந்திப்பு நாளை நாட்காட்டியில் பெரிதாக வட்டமிட்டு வையுங்கள்.

மாத்திரை போதாவிட்டால்?

நான்கில் ஒருவருக்கு மாத்திரை மட்டும் போதாமல் போகலாம். சிலருக்குக் கிருமியே இல்லாமல் இந்த லிம்போமா வரும். சிலருடைய நோய் அணுக்களில் உள்ள ஒரு மரபணு மாற்றத்தால் அவை கிருமி போனபின்னும் வளரும். அவர்களுக்கும் வழிகள் உண்டு.

கதிர்வீச்சு: நோய் இரைப்பையோடு நின்றிருந்தால் இது மிக நல்ல பலன் தரும். பொதுவாக 3 முதல் 4 வாரம், திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் போய் வர வேண்டும். ஒவ்வொரு முறையும் சில நிமிடங்கள்தான். குமட்டலும் களைப்பும் வரலாம். தலைமுடி கொட்டாது.

ரிட்டுக்சிமாப்: இது நரம்பு வழியாக ஏற்றும் மருந்து. நோயுற்ற வெள்ளை அணுக்களைக் குறிவைத்துத் தாக்கும். இதற்கு முன் ஹெப்பாடிடிஸ் பி சோதனை கட்டாயம். பழைய தொற்று உடலில் ஒளிந்திருந்தால் இந்த மருந்து அதை மீண்டும் கிளப்பிவிடும்.

கீமோ: நோய் பரவியிருந்தால் ரிட்டுக்சிமாபோடு சேர்த்துக் கொடுப்பார்கள். வயதையும் உடல் வலுவையும் பார்த்து, மூத்தவர்கள் தாங்கக்கூடிய முறையைத் தேர்ந்தெடுப்பார்கள்.

காத்திருந்து கவனித்தல்: நோய் மிக மெதுவாக வளர்ந்து, தொல்லை எதுவும் இல்லையென்றால், உடனே மருந்து கொடுக்காமல் ஒழுங்காகச் சோதித்துக்கொண்டே இருப்பதும் ஒரு முறை. மருத்துவர் கைவிட்டுவிட்டார் என்று இதற்குப் பொருள் அல்ல.

சிலருக்கு மட்டும் இது வேகமாக வளரும் வகையாக மாறலாம். அப்போது சிகிச்சை முறை மாறும். பெரும்பாலும் கீமோ தேவைப்படும். அதையும் குணப்படுத்தும் நோக்கத்தோடுதான் கொடுப்பார்கள்.

எங்கே போவது?

முதலில் உங்கள் வட்டார அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள். தேவை இருந்தால் அங்கிருந்து கடிதம் கொடுத்து மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். லிம்போமா உறுதியானால், இரத்த நோய்களுக்கான தேசிய மேற்சிகிச்சை மையமான அம்பாங் மருத்துவமனைக்கோ வேறு நிபுணரிடமோ அனுப்பப்படலாம். கதிர்வீச்சுச் சிகிச்சை கோலாலம்பூர் மருத்துவமனையிலும் புத்ராஜெயாவிலுள்ள தேசியப் புற்றுநோய்க் கழகத்திலும் உண்டு. சுங்கை பூலோவிலிருந்து புறப்படுபவர்களுக்குப் புத்ராஜெயா வழித்தட எம்.ஆர்.டி. வசதியானது; அந்தத் தடத்தில் கோலாலம்பூர் மருத்துவமனைக்கென்றே ஒரு நிலையம் இருக்கிறது.

செலவோ போக்குவரத்தோ கவலையாக இருந்தால் சிகிச்சையை நிறுத்திவிடாதீர்கள். மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை பற்றி, அடையாள அட்டையைக் காட்டிப் பதிவு முகப்பில் கேளுங்கள். மருத்துவ சமூகநல அதிகாரியைப் பார்க்க வேண்டும் என்று தாதியிடம் சொல்லுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை

"அம்மாவுக்குத் தெரிந்தால் தாங்கமாட்டார்" என்று நோயின் பெயரை மறைப்பது நம்மிடையே வழக்கம். பாசத்தால்தான் மறைக்கிறீர்கள். ஆனால் என்ன நோய் என்று தெரியாதவர், வெறும் கேஸ்ட்ரிக் மாத்திரை என்று நினைத்து ஐந்தாம் நாளே நிறுத்திவிடுவார். மறுபடியும் ஸ்கோப் எதற்கு என்று மறுத்துவிடுவார். உண்மையைப் பக்குவமாகச் சொல்லுங்கள்: "இது புற்றுநோய் வகைதான், ஆனால் மெதுவாக வளர்வது. முதலில் மாத்திரையில் பார்க்கலாம் என்கிறார் டாக்டர்." மொழி புரியாவிட்டால் கூடவே உட்கார்ந்து எடுத்துச் சொல்லுங்கள். மருத்துவர் சொன்னதில் பாதியை விட்டுவிட்டு மொழிபெயர்க்காதீர்கள்.

மருத்துவரைப் பார்க்கும்போது கேட்க வேண்டியவை

இந்தப் பக்கத்தைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

1. என் லிம்போமா எந்த வகை? மெதுவாக வளர்வதா, வேகமாக வளர்வதா?
2. இரைப்பையோடு நிற்கிறதா, பரவியிருக்கிறதா?
3. பைலோரி கிருமி இருக்கிறதா?
4. நான் ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளில் எதை நிறுத்த வேண்டும்? எப்போது மறுபடியும் தொடங்கலாம்?
5. கிருமி போய்விட்டதா என்று எந்தத் தேதியில் சோதிப்பீர்கள்?
6. அடுத்த ஸ்கோப் எப்போது?
7. மாத்திரை போதாவிட்டால் அடுத்து என்ன?

ஒவ்வொரு பதிலையும் எழுதிக்கொள்ளுங்கள், அல்லது உடன் வந்தவரை எழுதச் சொல்லுங்கள். புரியவில்லையென்றால் மறுபடியும் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

விடாத வயிற்று வலியைக் கேஸ்ட்ரிக் என்று தள்ளிப்போடாதீர்கள். கொடுத்த மாத்திரையைக் கடைசி நாள்வரை சாப்பிடுங்கள். வயிறு நன்றாக இருந்தாலும் சொன்ன தேதியில் மறுசோதனைக்கு வாருங்கள்.